வீக்கத்தைச் சதை என்று நினைத்தேன்

என் மகள் யாழினி குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு நாள் இருந்தாள். என்ன நோய் என்று ஊரில் கேட்டவர்களிடம் முதலில் பொய்தான் சொன்னேன். சிலரிடம் விஷக்காய்ச்சல் என்றேன். சிலரிடம் கிட்னியில் ஏதோ கோளாறு என்றேன். கிட்னி என்று சொன்னால் மேற்கொண்டு துருவிக் கேட்கமாட்டார்கள், பாவம் என்று போய்விடுவார்கள். மூன்று ஏக்கர் கரும்பு போட்டிருக்கிற வீட்டில், கொல்லையில் கறவை மாடு நிற்கிற வீட்டில், பி.காம். படித்தவளுக்குப் பிறந்த பிள்ளை, சாப்பாட்டில் சத்து இல்லாமல் சாகக் கிடந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இப்போது அவள் தேறிவிட்டாள். வாசலில் கோழியைத் துரத்துகிறாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். வார்டில் பிள்ளைகளின் சாப்பாட்டைக் கவனிக்கிற மேடம், ஊருக்குப் போய் நாலு அம்மாக்களிடம் பேசுங்கள் சங்கரி என்றார். நேரில் பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். என் வாய் அப்படி. அதனால் எழுதுகிறேன்.

குருவிநத்தத்தில் எங்கள் வீடும் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். என் வீட்டுக்காரர் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். வெட்டு நாட்களில் அவர் வீட்டுக்கு வருவது சாப்பிடவும் தூங்கவும்தான். அண்ணன் மனைவி தனம், எனக்கு ஓரகத்தி, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் போய் முட்டுகிறது.

யாழினிக்குப் பத்து மாதம் முடிந்த சமயம், நான் மறுபடியும் முழுகாமல் இருப்பது தெரிந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சுரக்கிற பால் கெட்ட பால், மூத்ததுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தெரிந்த விஷயத்துக்கு யார் சொல்ல வேண்டும்? அன்று சாயங்காலமே மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டேன். பிள்ளை வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாள் கத்தினாள், நாலாம் நாள் விட்டுவிட்டாள். எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பாலில் ஒரு கெடுதலும் இல்லை, நிறுத்தினாலும் அதற்கு ஈடாக வேறு நல்ல சாப்பாடு கொடுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டது.

சின்னவன் பிறந்தபோது யாழினிக்கு ஒன்றரை வயது. எனக்குப் பத்தியச் சமையல். பூண்டுக் குழம்பும் மிளகும் பிள்ளைக்குக் காரம் என்று அவளுக்குத் தினமும் ரசஞ்சோறு. நடுவில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்தது. பல் முளைக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்று கஞ்சித் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து ஓட்டினேன். போக்கு நின்ற பிறகும் வயிறு தாங்காது என்று பல நாள் அதையேதான் கொடுத்தேன்.

பிறகு ஒரு அதிசயம் நடந்தது. பிள்ளை குண்டாக ஆரம்பித்தாள். கன்னம் உப்பி, கண் சிறுத்து, பார்க்கிறவர்கள் கிள்ளிக் கொஞ்சும்படி ஆனாள். காலில் கொலுசு இறுகிவிட்டது. பாகூரில் தட்டார் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு வளையம் கூடுதலாகக் கோர்த்து வாங்கி வந்தேன். கொலுசு இருந்த இடத்தில் சுற்றிலும் பள்ளமாகத் தடம் பதிந்திருந்தது. தட்டாரிடம், பாருங்க, என் பெண் எப்படிச் சதை போட்டிருக்கிறாள் என்று நானே காட்டினேன். அவரும் சிரித்தார். செல்போனில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். தலைமுடி செம்பட்டையாகிக்கொண்டு வந்தது, வெயில் என்று நினைத்தேன். முன்னைப் போல ஓடவில்லை, அழவில்லை, உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தை வைத்திருக்கிற எனக்கு அது எவ்வளவு சௌகரியம்! தம்பி வந்ததும் என்ன சமத்தாகிவிட்டாள் என்று தெருவே சொன்னது.

அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். ஒன்பது கிலோ நானூறு. டீச்சர் அட்டையில் புள்ளி வைத்தார், பச்சைப் பட்டையில்தான் விழுந்தது, சரியான எடை என்று அர்த்தம். அன்றைக்கு நீளக்கை கவுன் போட்டிருந்தாள். கையை யாரும் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

பார்த்தது தனம் அக்காதான். ஒரு நாள் மத்தியானம் கொல்லையில் யாழினிக்குக் கால் கழுவி விட்டுக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டார்.

"சங்கரி, புள்ள சவலையாப் பூட்டுதுடி. மூஞ்சி, காலு எல்லாம் வீங்கினு இருக்குது. இது சத இல்ல. டாக்டராண்ட காட்டு."

சவலை என்றால் எங்கள் பக்கம், அடுத்த பிள்ளை வயிற்றில் வந்து தாய்ப்பால் கெட்டு நோஞ்சானாகிப் போன பிள்ளை. என் பிள்ளையைப் பார்த்து அந்த வார்த்தையா? ஊரே கொஞ்சுகிற பிள்ளையை இவர் மட்டும் குறை சொல்கிறார் என்றால் அதற்குக் காரணம் என்ன என்று என் புத்திக்கு உடனே ஒன்று தோன்றியது. தோன்றியதை வாயிலும் விட்டேன்.

"எம்புள்ள ஒடம்பு எனக்குத் தெரியாதா? பெத்துப் பாத்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அதோடு விட்டேனா? சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று உரக்கவே, பக்கத்து வீட்டுக் கண்ணு என்று சொல்லிச் சுற்றினேன். அதற்குப் பிறகு ஆறு வாரம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அந்த ஆறு வாரத்தில்தான் பிள்ளை என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். தொடையில், இடுப்பு மடிப்பில் தோல் கறுத்து, பழைய சுவரில் வெள்ளை உரிகிற மாதிரி உரிந்தது. பாகூரில் ஒரு கிளினிக்கில் களிம்பும் டானிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயும் நான் தோலை மட்டும்தான் காட்டினேன். ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது. கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள், நான் யாரோ மாதிரி.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த நர்ஸ் வயதானவர். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேரே காலைப் பார்த்தார். கொலுசைக் கழற்றச் சொன்னார். கட்டைவிரலால் பாதத்தின் மேல் அழுத்தி மனதுக்குள் எண்ணிவிட்டு எடுத்தார். விரல் பட்ட இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது, மேலே எழும்பவில்லை. இரண்டாவது காலிலும் அப்படியே.

"இங்க பாரும்மா, குழி உழுது. இவ்ளோ நாளு இன்னா பண்ணினு இருந்த?" என்றார்.

சர்க்கரை அளவு மிகவும் இறங்கியிருக்கிறது என்று வாயில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள். புதுச்சேரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொன்னார்கள். துணி எடுக்க ஒரு நிமிஷம் எங்கள் தெருவில் வண்டி நின்றது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். நாலு மாதச் சின்னவன் என் வீட்டுக்காரர் கையில் கத்திக்கொண்டிருந்தான். தனம் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவனை வாங்கினார், துணிப்பையைத் தோளில் மாட்டினார், வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை.

பெரிய அரசு ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்க ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே. மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று பார்த்தார்கள். போனால் கிட்னி கோளாறாக இருக்கலாமாம். நெஞ்சில் சளியா, டிபியா என்று பார்த்தார்கள். நான் வரிசையில் நிற்கும்போதெல்லாம் கிட்னியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். கிட்னி என்றால் அது கடவுள் கொடுத்தது. மற்றது நான் கொடுத்தது.

எதிலும் ஒன்றும் இல்லை. வார்டு டாக்டர் சின்ன வயதுப் பெண், என் வயது இருக்கும். சட்டைக்கையை ஏற்றி, யாழினியின் மேல்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட அளவு நாடாவைச் சுற்றினார். சிவப்பில் நின்றது. முகமும் காலும் உப்பியிருந்த பிள்ளைக்குக் கை ஒரு கரும்புச் சோகைத் தண்டு மாதிரி இருந்ததை நான் அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். தினமும் குளிப்பாட்டிய கை அது.

டாக்டர் விளக்கினார். ரத்தத்தில் இருக்கிற புரதம்தான் தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டில் பல மாதம் சரியான சத்து இல்லாமல் போய், நடுவில் நோயும் வந்தால், அந்தப் பிடிமானம் தளர்ந்து தண்ணீர் தோலுக்கு அடியில் கசிந்து தங்கிவிடுகிறது. பார்க்கக் குண்டு, உள்ளே ஒன்றும் இல்லை. இதற்குப் பெயர் குவாஷியார்கர் என்றார்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்வி. அறிகுறிகளை எழுது என்பார்கள். கால் வீக்கம், உப்பிய முகம், நிறம் மாறிய முடி, உரியும் தோல், எதிலும் நாட்டமின்மை. மனப்பாடம் செய்து எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன். புத்தகத்தில் படம் ஒன்று இருந்தது. எங்கேயோ பஞ்சம் பிடித்த தேசத்துப் பிள்ளை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன். வெள்ளிக் கொலுசு போட்ட பிள்ளைக்கும் அது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஒரு ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டாக்டர். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த ஆறு வாரத்தின் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் சாப்பாட்டு மேடம் வந்தார். முந்தின வாரம் ஒரு நாள் பிள்ளை காலையிலிருந்து என்ன சாப்பிட்டாள், வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், அப்புறம் அரை இட்லி, சர்க்கரை தொட்டு. பதினோரு மணிக்குக் கடையில் விற்கிற நொறுக்குப் பாக்கெட் ஒன்று. மத்தியானம் ரசஞ்சோறு நாலு வாய். சாயங்காலம் மறுபடி டீ. ராத்திரி கஞ்சித் தண்ணீர். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. பருப்பு? மாந்தம் வரும் என்று கொடுக்கவில்லை. முட்டை? சூடு. பால்? கறந்ததெல்லாம் சொசைட்டிக்குப் போகும், டீக்கு மட்டும் ஒரு டம்ளர் நிறுத்துவோம். அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவு? அதற்குத்தான் தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளை துப்புகிறாள் என்று அதை மாட்டுக்குத் தவிட்டோடு கரைத்து வைத்தேன். மாடு நன்றாகத்தான் இருந்தது.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எழுதிக்கொண்டு, இதைத் திருத்திவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

வைத்தியம் என்று பார்த்தால் எங்கள் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. நோய்க்கிருமிக்கு மருந்து, உடம்பு சூடு குறையாமல் கம்பளி, மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய். அதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், பாலும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்த ஒரு திரவம், சின்ன டம்ளரில் பாதிகூட இருக்காது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, குளுக்கோஸ்கூட ஏற்றவில்லையே என்று கொதித்தார். எங்கள் ஊரில் பாட்டில் தொங்கினால்தான் அது ஆஸ்பத்திரி. இந்த உடம்பு அவ்வளவு தண்ணீரைத் தாங்காது, இதயம் திணறிவிடும், சாப்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எங்களுக்குக் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

தொற்று வரும் என்று கைக்குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள். தனம் அக்கா வெளியே வேப்பமரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் சின்னவனோடு இருந்தார். அவன் பசித்து அழுதால் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்புவார், நான் இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். பிள்ளை அவர் கையிலிருந்து என் கைக்கும் என் கையிலிருந்து அவர் கைக்கும் மாறும். எங்களுக்குள் பேச்சு இல்லை. பெஞ்சில் ஒரு தூக்குவாளி இருக்கும், அதில் எனக்கு மீன் குழம்பும் சோறும். தெரிந்தவர் வீடு ஒன்று முத்தியால்பேட்டையில் இருக்கிறது, அங்கே போய்ச் சமைத்துக் கொண்டுவருகிறார் என்று பிறகு தெரிந்தது. நான் சாப்பிடும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

தினமும் காலையில் எடை போட்டார்கள். இரண்டாம் நாள் ஒன்பது கிலோ நூறு. மூன்றாம் நாள் எட்டு எண்ணூறு. ஐந்தாம் நாள் எட்டு முந்நூறு. சாப்பாடு கொடுத்துத் தேற்றுகிறோம் என்று சொல்கிற இடத்தில் பிள்ளை நாளுக்கு நாள் இளைக்கிறாள். கன்னம் வடிந்து கண் உள்ளே போய், ஐந்து நாளில் ஐம்பது வயதுக் கிழவி முகம் வந்துவிட்டது. என் பிள்ளையைப் பட்டினி போட்டே கொன்றுவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன். தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

டாக்டர் வேறு வார்டுக்குப் போயிருந்த நேரம். நர்ஸ் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. என் இஷ்டத்தில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, குழாயை எடுக்கச் சொல்லி, யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன். கார் வெளியே நின்றது. தனம் அக்காவிடம் சின்னவனைக் கொடு, கிளம்புகிறோம் என்றேன்.

அவர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. சின்னவனை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஆறு வாரமும் ஐந்து நாளும் கழித்து அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"நீ போறதுன்னா போ. நா வரல. இவனையும் தரமாட்டன். இவனுக்குப் பால் குடுக்க நீ இங்கதான வந்தாவணும். வரும்போது அவளையும் தூக்கிக்கினு வா."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எல்லாவற்றையும் எழுதமாட்டேன். அந்தப் பழைய வார்த்தையையும் மறுபடி சொன்னேன், அத்தனை பேர் முன்னால். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. வாட்ச்மேன் வந்து, என்னம்மா பிரச்சினை, யாருடைய குழந்தை என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அண்ணியை எப்படி இழுப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தனம் அக்கா பிடியை விடவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்தது. அந்தச் சத்தத்தில் சின்னவன் விழித்துக்கொண்டு பசியில் வீறிட்டான். அவன் அழுத அழுகைக்கு பால் சுரந்து என் ஜாக்கெட் நனைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அவனை மடியில் வாங்கினேன். யாழினியை அவர் வாங்கிக்கொண்டார்.

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் வேகமாக இறங்கி வந்தார், நர்ஸ் போன் செய்திருக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் யாழினியின் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். பிறகு அவள் பாதத்தை என் பக்கம் திருப்பினார். எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது, அழுத்தினால் பள்ளம் முன்னைப் போல ஆழமாக விழவில்லை.

"எடை குறையலம்மா, தண்ணி வடியுது. இத்தனை நாளா நீங்க பார்த்தது தண்ணி. அதுக்கு அடியில இருக்கிறதுதான் உங்க பொண்ணு. முழுசா வடியட்டும், அப்புறம் நாம அவளை வளர்க்கலாம். இப்ப வண்டியில தூக்கிட்டுப் போனா வழியிலயே சர்க்கரை இறங்கிடும். போறது உங்க இஷ்டம், நான் கையைப் பிடிச்சு இழுக்க முடியாது."

இதையே முதல் நாளும் சொன்னார்கள் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. காரைத் திருப்பி அனுப்பினோம். மேலே போனதும் குழாயை மறுபடி போட்டார்கள்.

ஏழாம் நாள் ஏழு கிலோ எழுநூறு. வீக்கம் முழுவதும் போய்விட்டது. அன்று துடைத்துவிடக் கவுனைக் கழற்றினேன். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். புட்டத்தில் சதையே இல்லாமல் தோல் மடிந்து தொங்கியது. ஊரெல்லாம் கொஞ்சிய பிள்ளை இதுதான். போட்டோ எடுத்து நான் பெருமையாக வைத்திருந்ததும் இதைத்தான். அந்த உடம்பைத் துடைக்கக் கை வரவில்லை, நர்ஸ்தான் துடைத்தார்.

ஒன்பதாம் நாள் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மாற்றும்போது யாழினி நர்ஸின் கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். நான் சமாதானப்படுத்தப் போனால் நர்ஸ் தடுத்தார். கத்தட்டும், கோபம் வந்தால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். நான் சமத்து என்று மெச்சிக்கொண்டிருந்ததெல்லாம் அழத் தெம்பில்லாத பிள்ளையின் அமைதி. இதைப் படிக்கிற அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சமத்தாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். கால் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். கையைப் பாருங்கள். கவுன் போட்டுப் பார்க்காதீர்கள், கழற்றிப் பாருங்கள்.

அடுத்த நாளிலிருந்து டம்ளரைப் பிடுங்கிக் குடித்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள். கடைந்த பருப்பில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசைந்த சோறு, வேர்க்கடலை அரைத்துப் போட்ட கஞ்சி, முட்டை. எல்லாம் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்த சாமான்கள். சத்துமாவை வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொடுக்கலாம் என்று மேடம் காட்டினார். அதைத்தான் அவள் முதலில் கேட்டு வாங்கித் தின்றாள். ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டினால் கீழே பெஞ்சில் இருக்கிற பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எட்டு கிலோ அறுநூறில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உயரம் வயதுக்குத் தக்கபடி முழுதாக எட்டுமா என்று இப்போது சொல்ல முடியாது, தொடர்ந்து கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். அது இன்னும் என் நெஞ்சில் கல்லாகத்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து எடை காட்டப் போனோம், நானும் தனம் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். நானூறு கிராம் ஏறியிருந்தாள். திரும்பும்போது பாகூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஊரில் எல்லோர் முன்னாலும் நாங்கள் பேசத் தொடங்கியிருந்தோம், ஆனால் உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்ததா என்கிற பேச்சுதான். அந்த வார்த்தைக்கு நான் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. எனக்கு யாரிடமும் மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை. கிருமாம்பாக்கம் தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். "அக்கா, அன்னிக்கு நா பேசுனது தப்பு. பெத்துப் பாத்திருந்தான்னு சொன்னன் பாரு, அது. ஆஸ்பத்திரியிலயும் சொன்னன்."

யாழினி அவர் மடியில் உட்கார்ந்து அவர் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்த உடு. ஊருல எல்லாருமே சொன்னதுதான், நீ புச்சா ஒண்ணும் சொல்லல. எனக்கு உறுத்தறது வேற. நீ திட்டுனதுல ரோஷம் வந்து கதவச் சாத்திக்கினன். ஆனா தெனிக்கும் செவுத்துக்கு இந்தாண்ட உக்காந்து இவ சத்தம் கேக்குதான்னு காது குடுத்துக்கினே இருந்தன். அழுவுற சத்தம் நின்னுபோயி பத்து நாளாச்சின்னு எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சும் வந்து தூக்கல. உனுக்குத் தெரியாது, நீ உட்டுட்ட. எனக்குத் தெரிஞ்சிது, நானும் உட்டுட்டன்."

அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. ஊர் வந்ததும் யாழினியை அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார்.